வாசல் தேடி வரும் நாளிதழ்



சுபுஹுத் தொழுகை முடிந்து தெரு மெல்ல விழித்தெழும் வேளையில், மிதிவண்டி மணியோசையைத் தொடர்ந்து திண்ணையில் 'பொத்'தென்று விழும் ஓசை ஒன்றுண்டு. அன்றைய உலகம் நம் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. மை மணம் மாறாத அந்தத் தாளை முதலில் பிரிப்பவர் யார் என்று வீட்டுக்கு வீடு நடந்த செல்லச் சண்டைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்று பல இல்லங்களில் அவ்வோசை நின்றுவிட்டது. "செய்திதான் கைப்பேசியிலேயே வந்துவிடுகிறதே, காசு கொடுத்துக் காகிதம் எதற்கு?" என்று கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆயினும், நாளிதழ் படிப்பது செய்தியை அறிவதோடு முடிந்துவிடுவதில்லை. அதில் ஓர் இன்பம் இருக்கிறது. அவ்வின்பத்தினுள்ளே ஒரு கல்வியும், இல்லத்தாருக்கு ஒரு பாதுகாப்பும் அடங்கியிருக்கின்றன. நாளிதழை நிறுத்துவது என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் வெளியே நடமாடும் ஆண்மகன். அவருக்குக் கடைத்தெரு உண்டு, அலுவலகம் உண்டு, நண்பர் குழாம் உண்டு. அந்தத் தாள் நின்றுபோவதால் இழப்புக்கு ஆளாகின்றவர்களோ வீட்டினுள் இருப்பவர்கள். இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க உங்களை அழைக்கின்றேன்.

தேடாமல் கிடைக்கும் செல்வம்

கைப்பேசி நாம் கேட்டதைத் தருகிறது. நேற்று விரும்பிப் பார்த்ததையே இன்றும் நம் முன் நீட்டுகிறது. கிரிக்கெட் பார்த்தவனுக்கு மேலும் கிரிக்கெட். சண்டை பார்த்தவனுக்கு மேலும் சண்டை. நாளிதழோ நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. தங்கம் சவரன் என்ன விலை என்று தேடிப் பக்கத்தைப் புரட்டுகின்ற கண், வழியில் மீன்பிடித் தடைக்காலம் பற்றிய செய்தியில் தடுக்கி நிற்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை என்பதும், மீன்கள் இனம் பெருக விடப்படும் காலம் அது என்பதும் அப்போது தெரிய வருகின்றன. சந்தையில் மீன் விலை ஏறியதற்கும் அத்தடைக்கும் உள்ள தொடர்பு, தேடாமலே விளங்கிவிடுகிறது. தங்கத்தைத் தேடிப் போனவருக்கு மீனைப் பற்றிய அறிவும் கூடவே கிடைத்தது.

காவிரிப் படுகையில் வாழும் எங்களைப் போன்றோர் நாள்தோறும் ஆவலோடு பார்க்கும் சிறு கட்டம் ஒன்றுண்டு. மேட்டூர் அணையின் நீர்மட்டம், அணைக்கு வரும் நீர், அணையிலிருந்து திறக்கப்படும் நீர் என்ற மூன்று எண்கள் அதில் இருக்கும். 1934-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வரும் நீர் திறக்கும் நீரினும் மிகுந்தால் மட்டம் உயரும், குறைந்தால் தாழும். குறுவைக்காக ஜூன் 12-ஆம் நாள் அணையைத் திறப்பது மரபாதலால், மே மாதம் முழுவதும் அந்த மூன்று எண்களும் ஊரின் நாடித்துடிப்பாகவே ஆகிவிடும். ஒரு காணி நிலமும் இல்லாத ஜவுளிக்கடைக்காரரும் அதைப் பார்க்கத் தவறுவதில்லை. வயல் விளைந்தால்தான் தம் கடையில் துணி விற்கும் என்பதை அவர் அறிவார். இவ்வாறு தனக்குத் தொடர்பில்லை என்று எண்ணிய ஒன்றில் தன் வாழ்வின் வேர் இருப்பதைக் காண்பது நாளிதழ் தரும் முதல் இன்பம்.

ஒரு தாள், பல கைகள்

ஒரே தாளைப் பிரித்துப் பலரும் படிக்கின்ற காட்சிதான் எத்துணை அழகு! வாப்பாவின் கையில் முதற்பக்கம். மூத்த மகன் கையில் விளையாட்டுப் பக்கம். இளையவன் தேடுவதோ படக்கதை. 'தினத்தந்தி'யில் 1960-ஆம் ஆண்டு தொடங்கிய 'கன்னித்தீவு' படக்கதையை அறியாத தமிழ் இல்லம் உண்டா? அதன் நாயகன் சிந்துபாத். அரபு நாட்டின் ஆயிரத்தோர் இரவுகள் கதைகளில் உலவிய கடலோடி, தமிழகத்துத் தேநீர்க் கடைப் பலகை வரை வந்து, தலைமுறை தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்டான்! எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கத்தை அவனிடமிருந்து பெற்ற பிள்ளைகள் எண்ணற்றோர்.

கண்பார்வை மங்கிய பாட்டியாருக்குப் பேரன் உரக்கப் படித்துக் காட்டுவதும் இந்தக் காட்சியின் ஒரு பகுதியே. பேரன் 'மழை'யை 'மளை' என்பான். பாட்டியார் பள்ளிக்கூடமே அறியாதவராயினும், "நாக்கை மடித்துச் சொல்லடா" என்று திருத்துவார். மரண அறிவிப்புகளைப் படிக்கச் சொல்லி, அறிந்த பெயர் வந்தால் ஒரு நிமிடம் மௌனமாக இருந்து, அவருக்கும் தமக்கும் இருந்த உறவை எடுத்துரைப்பார். பேரனுக்கு அன்று செய்தியோடு குடும்ப வரலாறும் கிடைக்கும். தனித்தனியே ஆளுக்கொரு கைப்பேசியுடன் ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கும் வீட்டில் இது எங்ஙனம் நிகழும்?

எங்கள் தலைமுறையினர் கண்ட மற்றொரு காட்சியும் நினைவுக்கு வருகிறது. இணையம் பரவுவதற்கு முன்னர், எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேர்வு முடிவுகள் நாளிதழ்களில் வெறும் எண்களாகவே அச்சாகும். மாலைப் பத்திரிகை கட்டு வந்து இறங்கும் பேருந்து நிலையத்தில் மாணவர் கூட்டம் அலைமோதும். பொடி எழுத்தில் நிறைந்திருக்கும் எண்களிடையே விரலை ஓட்டித் தன் எண்ணைக் கண்டவன் அடைந்த மகிழ்ச்சிக்கு ஈடேது? அத்தாளை மடித்துப் பெட்டியின் அடியில் இன்றளவும் பாதுகாப்பவர்கள் உண்டு.

இரவு விழித்திருப்போர்

நாம் உறங்கும் நேரத்தில் எத்தனை பேர் விழித்திருந்து இத்தாளை உருவாக்குகின்றனர் என்பதை எண்ணினால், அதன் மீது மதிப்புக் கூடும். வட்டங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ள நிருபர்கள் அனுப்பும் செய்திகளும், பி.டி.ஐ. போன்ற செய்தி நிறுவனங்கள் தரும் செய்திகளும் மாலை முதல் குவியத் தொடங்கும். அவற்றைச் சுருக்கித் தலைப்பிட்டுத் தருவோர் உதவி ஆசிரியர்கள். பக்கங்கள் அமைக்கப்பட்டு, தகடுகளாக்கப்பட்டு, சுழலும் அச்சு எந்திரத்தில் ஏறும். கட்டுகள் வேன்களில் ஊர் ஊராகப் பயணமாகும். விடியுமுன்னர் பேருந்து நிலையத்தில் முகவர்கள் அவற்றைப் பிரித்து, இணைப்பிதழ்களைச் செருகி, மிதிவண்டிப் பையன்களிடம் ஒப்படைப்பர்.

தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்லும் பிரதிகள் முன்னதாகவே அச்சாகும். ஆகவே, இரவு வெகுநேரம் கழித்து முடிந்த ஆட்டத்தின் முடிவு நகரப் பதிப்பில் இருக்கும்; நமக்கு வரும் வெளியூர்ப் பதிப்பில் இல்லாமற் போகும். இது குறைதான். ஆயினும் அறிந்தவரை எழுதி, இன்ன நேரத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்னும் ஓர் ஒழுங்கு அதில் இருக்கிறது.

எங்கள் மதரஸாவில் மூத்த மாணவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி நடைபெறும் நாளில், இரண்டு நாளிதழ்களை எடுத்துச் சென்று ஒரே செய்தியை இரண்டிலும் படிக்கச் சொல்வது என் வழக்கம். ஒருமுறை ஒரு பேருந்து விபத்தில் இறந்தோர் தொகை ஒன்றில் நான்கு என்றும், மற்றொன்றில் ஆறு என்றும் இருந்தது. "உஸ்தாத், இவற்றுள் எது பொய்?" என்று ஒரு மாணவர் கேட்டார். இரண்டும் அச்சான நேரத்தைக் கணக்கிடச் சொன்னேன். மருத்துவமனையில் இருவர் இறக்குமுன் ஒன்று அச்சேறியிருக்கலாம் என்று அவர்களே கூறினர். மறுநாள் இதழ்கள் அதனை உறுதிப்படுத்தின. எழுதியது எப்போது, எவரைக் கேட்டு என்று ஆராயாமல் பொய் என்றோ மெய் என்றோ தீர்ப்பளித்தல் ஆகாது என்னும் பாடத்தை, அன்று என்னைவிட அத்தாள்களே நன்கு நடத்தின.

பெயர் சொல்லி நிற்கும் தாள்

நம் மதரஸாக்களில் ஹதீஸ் பயில்வோர் முதலில் கேட்கும் வினா, 'இதனை அறிவித்தவர் யார்? அவர் யாரிடமிருந்து கேட்டார்?' என்பதே. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்து பழகிய சமுதாயம் நாம். நாளிதழ் அந்தத் தகுதியை எட்டிவிட்டது என்று கூற வரவில்லை. ஆனால் அந்த வினாவைக் கேட்பதற்கு அது இடம் தருகிறது. செய்தியின் தொடக்கத்தில் ஊரும் நாளும் இருக்கின்றன. கூறியவர் மாவட்ட ஆட்சியரா, காவல் அதிகாரியா, நேரில் கண்டவரா என்பது இருக்கிறது. தவறு நேர்ந்தால் இன்னாரைக் கேட்கலாம் என்பதற்கு முகவரியும் இருக்கிறது.

எந்த நாளிதழை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு பக்கத்தின் அடியில், எவரும் படிக்காத பொடி எழுத்துகளில், அச்சிட்டு வெளியிடுபவர் பெயரும், அச்சிடப்பட்ட இடமும், ஆசிரியர் பெயரும் காணப்படும். 1867-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த கடமையின் வழி வந்தது அது. அச்சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கைப்பேசியில் 'அனைவருக்கும் அனுப்புங்கள்' என்ற ஆணையுடன் வரும் தகவலின் அடியில் யார் பெயர் இருக்கிறது? பெயரற்ற ஒரு தகவலை நம்பி அயலாரைச் சந்தேகிப்பதும், அச்சம் கொள்வதும், அதனை மேலும் பத்துப் பேருக்கு அனுப்புவதும் நம் இல்லங்களிலும் நடக்கின்றனவே! 'நாளைய பேப்பரில் வருகிறதா பார்ப்போம்' என்று ஓர் இரவு பொறுத்திருப்பவர், எத்தனையோ வீண்பழியிலிருந்து தம்மையும் பிறரையும் காத்துக் கொள்கிறார்.

முன்னோர் காட்டிய ஆர்வம்

பத்திரிகை வாசிப்பு நம்மவர்க்குப் புதியதன்று. சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 'சுதேசமித்திரன்' இதழைத் தொடங்கிய அதே 1882-ஆம் ஆண்டில்தான், இலங்கையில் அறிஞர் சித்தி லெப்பை 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கினார். 1887-இல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் வார இதழை நடத்தினார். படித்தவர் மிகச் சிலரே இருந்த காலம் அது. கடல் கடந்து வணிகம் செய்யப் போன இடத்திலும், தமிழில் செய்தி படித்தாக வேண்டும் என்ற வேட்கை நம் முன்னோர்க்கு இருந்தது!

1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் 'தினத்தந்தி'யைத் தொடங்கியபோது, எளியோரும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க தமிழில் செய்தி தருவதையே நோக்கமாகக் கொண்டார். தேநீர்க் கடைகளில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாதார் சூழ்ந்திருந்து கேட்ட காட்சி தமிழகமெங்கும் பரவியது. அங்கே கேட்டுக் கேட்டு எழுத்தறியும் ஆவல் பெற்றோர் பலர். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். தேநீர்க் கடை ஆண்களுக்கானது. பெண்களுக்கு அத்தகைய இடம் எது? வீட்டுக்கு வரும் தாள் ஒன்றே.

அடுக்களைக்குச் சென்ற தாள்

வீட்டுக்கு வரும் நாளிதழ் பெண்கள் கைக்குச் சென்று சேரும் நேரம் எது என்று எப்போதேனும் நீங்கள் கவனித்ததுண்டா? ஆடவர் படித்து, பிள்ளைகள் படித்து, சமையல் முடிந்து, பகலுணவு முடிந்து, அஸர் பாங்குக்குச் சற்று முன்னர்தான் பல இல்லத்தரசியர் அதனைக் கையில் எடுக்கின்றனர். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண், முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தமிழைத் தங்குதடையின்றிப் படிக்கிறார் என்றால், அந்த அரைமணி நேரமே அதற்குக் காரணம்.

எங்களுக்கு அடுத்த ஊரில் கணவரை இழந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். ஒருநாள், எவரும் கண்ணெடுத்துப் பாராத 'பொது அறிவிப்பு' பகுதியில் வழக்கறிஞர் ஒருவரின் அறிவிப்பைக் கண்டார். இன்ன புல எண்ணுள்ள மனையைத் தம் கட்சிக்காரர் கிரயம் பெற இருப்பதாகவும், ஆட்சேபணை உள்ளோர் 15 நாள்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. புல எண் அவருக்குத் தெரியாது. ஆனால் நான்கெல்லையைப் படித்தபோது திடுக்கிட்டார். வடக்கே பள்ளிவாசல் தெரு, கிழக்கே வாய்க்கால், தெற்கே தம் சிற்றப்பா வீடு! அவர் பிறந்து வளர்ந்த வீடே விலைக்குச் செல்கிறது. தந்தையார் விட்டுச் சென்ற அச்சொத்தில் அவருக்கும் பங்கு உண்டு. அவரை ஒரு வார்த்தை கேட்டவர் எவருமில்லை.

அவர் அழவில்லை, எவரையும் ஏசவும் இல்லை. அப்பகுதியைக் கத்தரித்து, மகளை உடன் அழைத்துக்கொண்டு வழக்கறிஞர் ஒருவரிடம் சென்றார். பத்தாம் நாள் ஆட்சேபணைக் கடிதம் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்தது. கிரயம் நின்றது. பின்னர் ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி, அவருக்குரிய பங்கு அவருக்குக் கிடைத்தது. "பேப்பரைப் படித்தேன், என் பங்கைக் கேட்டேன், வேறென்ன செய்தேன்?" என்று இன்று மிக இயல்பாகக் கூறுகிறார். அந்த மாதத்தில் அந்த வீட்டில் நாளிதழ் நிறுத்தப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் சிந்தனைக்கே விட்டுவிடுகிறேன்.

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள், ஹஜ் விண்ணப்ப அறிவிப்பு, வாக்காளர் பட்டியல் திருத்த முகாம், மறுநாள் மின்தடை ஆகும் பகுதிகள் என்று குடும்பத்தை நடத்துபவர் அறிய வேண்டியவை ஏராளம். கணவரும் மகனும் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தாங்கும் பெண்கள் நம்மிடையே பலர். எவரையும் எதிர்பாராமல், எவருக்கும் கடன்படாமல் அவற்றைத் தாமே அறிந்துகொள்வதில் ஒரு பெருமிதம் உண்டு. அந்தப் பெருமிதமும் வாசிப்பின் இன்பத்தைச் சேர்ந்ததே.

குறைகள் இல்லையா?

உண்டு. பரபரப்புக்காகக் கொலைச் செய்தியைக் கொட்டை எழுத்தில் போடுவதும், செய்தி போன்ற தோற்றத்தில் விளம்பரம் வருவதும், ஒருவர் செய்த குற்றத்துக்கு ஒரு சமுதாயத்தையே அடைமொழியாக்குவதும் நம் மனத்தைப் புண்படுத்துகின்றன. அதற்காகத் தாளைக் கசக்கி எறிந்து என்ன பயன்? ஆசிரியருக்குக் கடிதம் எழுதுங்கள். நாளையும் பக்கத்தையும் குறிப்பிட்டு, எது தவறு, சரியானது எது, அதற்குச் சான்று என்ன என்பதைக் கண்ணியமான மொழியில் சுருக்கமாக எழுதுங்கள். பலன் இல்லையெனில், இந்தியப் பத்திரிகை மன்றத்துக்கு முறையிடும் வழியும் இருக்கிறது. நாளிதழைப் பொறுத்தவரை, செய்தி வெளியான இரண்டு மாதங்களுக்குள் முறையிடுதல் வேண்டும். பெயரோடு நிற்பவனிடம் நியாயம் கேட்கலாம்; பெயரற்ற வதந்தியிடம் எதைக் கேட்பது?

செய்ய வேண்டுவன

வீட்டில் நாளிதழ் வாங்குவதை நிறுத்தியிருந்தால், ஒரு மாதம் மட்டும் மீண்டும் வாங்கிப் பாருங்கள். பெரும்பாலான தமிழ் நாளிதழ்களின் ஒரு நாள் விலை, கடையில் அருந்தும் ஒரு தேநீரின் விலையைத் தாண்டாது. மாத முடிவில் பழைய தாள் கடையில் எடைக்குப் போட்டால் ஒரு பகுதி திரும்பவும் கிடைக்கும். பலகாரம் மடிக்க மட்டும் அதனைப் பயன்படுத்தாதீர்கள்; அச்சு மை உடலுக்குத் தீங்கு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்திருக்கிறது.

இரண்டாவதாக, தாளைப் பகலுணவு வரை ஆண்கள் பக்கமே நிறுத்தி வைக்காதீர்கள். முதற்பக்கத்தை நீங்கள் படிக்கும்போது உள்பக்கங்கள் உள்ளே செல்லட்டும். இரவுணவின்போது, "இன்று பேப்பரில் என்ன பார்த்தாய்?" என்று மனைவியையும் மகளையும் மகனையும் கேளுங்கள். எவரும் தேடாத ஒரு செய்தியை ஒவ்வொருவரும் கொண்டு வருவர்.

மூன்றாவதாக, பிள்ளைகளை நாளொன்றுக்கு ஒரு செய்தியேனும் உரக்கப் படிக்கச் செய்யுங்கள். படித்து முடித்ததும், 'எங்கே நடந்தது? எப்போது? சொன்னவர் யார்?' என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்த மூன்று கேள்விகளும் நாவில் பழகிவிட்ட பிள்ளையை, நாளை எந்த வதந்தியும் எளிதில் ஏமாற்ற இயலாது.

இறுதியாக ஒன்று. கைப்பேசித் திரைக்கு முடிவே இல்லை. விரல் ஓயும்வரை அது ஓடிக்கொண்டேயிருக்கும். நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. அதனையும் படித்து, தாளைச் சீராக மடித்து வைத்துவிட்டு, 'இன்றைக்கு அறிய வேண்டியதை அறிந்தேன்' என்ற நிறைவோடு அவரவர் வேலைக்கு எழுந்து செல்லலாம். இந்த நிறைவு உங்கள் இல்லத்தில் ஒருவருக்கு மட்டும் உரியதாக இல்லாமல், அனைவருக்கும் கிட்டுவதாக!